சிங்காரிக்கு வைத்த பால்

ஏழு கடலையும் எஞ்சின் எண்ணெய் வாசத்தால் மணக்கச் செய்து வருபவனும், வந்த கடிதம் எதற்கும் பதில் போடுவதில்லை என்ற கடும் விரதத்தை இன்றுவரை கைவிடாதவனுமாகிய என் அருமை மருமகனுக்கு,

ஏற்ற இறக்கங்களின் ஏகச் சக்கரவர்த்தி, இந்த ஊர் லிஃப்டுகள் அத்தனைக்கும் குடும்ப வைத்தியர், உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். என் முழங்கால் மட்டும் நலமில்லை. தனி நாடாகப் பிரிந்து போகிறேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறது.

உன் கப்பல் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். நீ எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறாயோ அங்கே கொடுத்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. போனில் உன்னைப் பிடிக்க முயன்று முயன்று என் ஆள்காட்டி விரல் அரை அங்குலம் தேய்ந்துவிட்டது. 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று சொல்லும் அந்தப் பெண்ணும் நானும் இப்போது உறவு மாதிரி. இன்னும் இரண்டு தடவை அடித்தால் என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிடுவாள்.

முதலில் போர்ச் செய்தி. சந்தைக்கு எதிரே இருக்கும் எட்டு மாடிக் கட்டடம் உனக்குத் தெரியும். அதன் மொட்டை மாடியில்தான் லிஃப்ட் மெஷின் அறை. அந்த அறையை உரசிக்கொண்டு ஒரு மரம், மரத்தின் உச்சியில் ஒரு காக்கைக் கூடு. கூட்டில் பாதி என் சொத்து. செம்புக் கம்பி, கேபிள் துண்டு, நான் காணோம் காணோம் என்று தேடிய ஸ்பிரிங் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கேட்கப் போனேன். காக்கை என் வழுக்கையைக் குறிபார்த்துக் கொத்தியது பார், எனக்கு என் கொள்ளுத்தாத்தாவே நேரில் தெரிந்தார். அன்றிலிருந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிறேன். சந்தையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாவீரர்களைப் பார்த்து ஊர் சிரித்தது இது முதல் தடவையா?

நாலாவது மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார். துப்பாக்கி நீளத்துக்கு ஒரு கேமராவை வைத்துக்கொண்டு பறவைகளைப் படமெடுப்பார். அந்தக் கேமரா டீச்சர்தான் சொன்னார், கூட்டில் இருக்கும் மூன்று குஞ்சுகளில் ஒன்று காக்கையுடையதே இல்லை, குயிலுடையது என்று. ஆண் குயில் கூட்டுக்கு முன்னால் வந்து கத்தி வம்புக்கு இழுக்குமாம். காக்கை ரோஷத்தோடு துரத்திக்கொண்டு போகுமாம். அந்தச் சந்தில் பெண் குயில் வந்து ஒரு முட்டையை வைத்துவிட்டு நழுவிவிடும். அந்த முட்டை முந்திப் பொரிந்துவிடும். முந்திப் பொரிந்தது முந்தி வாயைத் திறக்கும். அப்புறம் வாயை மூடுவதே கிடையாது. காக்கை அலைந்து திரிந்து கொண்டுவருவதில் பெரும்பங்கு அந்த ஒற்றை வாய்க்குள் போகிறது. இதை நான் ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம்.

நம் வீட்டுக்கு ஒருவன் வந்திருக்கிறான்.

போன மாதம் ஒரு மத்தியானம், தோளில் கித்தான் பையோடு வாசலில் நின்றானாம். நிலைப்படி அவன் தோளுக்கு இடம் விட்டு ஒதுங்கியதாகக் கேள்வி. உன் பெயரைச் சொல்லி, "நான் அவன்கூட கப்பல்ல பெயிண்டரா இருந்தேன்மா. அடுத்த கப்பல் கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்ல போய் இருடான்னு அனுப்பினான்" என்றிருக்கிறான். அத்தாட்சி உண்டா, கடிதம் உண்டா, ஒரு போட்டோவாவது உண்டா? உன் அம்மா எதையும் கேட்கவில்லை. "உள்ள வாப்பா, சாப்டியா?" அவ்வளவுதான் விசாரணை. கோட்டைக் கதவு திறந்தாகிவிட்டது.

அவன் சாப்பிடுவதை நான் பார்த்தேன், மருமகனே. சோற்றுப் பானை அவன் காலடிச் சத்தத்துக்கே நடுங்குகிறது. முட்டை வைத்தால் ஓடு மட்டும்தான் உயிர் தப்புகிறது. வாழைத்தாரைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பினால் ஆணிதான் இருக்கிறது. நான் அவனுக்குப் பாதாளம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் கையை வீசிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிடும் உரிமை கால் நூற்றாண்டாக என் ஒருவனுக்கே இருந்தது. இப்போது எனக்குச் சட்டியைச் சுரண்டிய மிச்சம். இதையும் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. உன் அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது. நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறதாம். லிஃப்ட் பாஷையில் சொன்னால், பெட்டி சரியாக வந்து நிற்கிறது, கதவு பாதிதான் திறக்கிறது. ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டரம்மா தேதியும் குறித்துவிட்டார். அந்த வாரத்தில்தான் இவன் வந்து சேர்ந்தான். "அடுத்த மாசம் வந்துடறேன்னு சொல்லச் சொன்னான்மா" என்றான். அன்று சாயங்காலமே உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "பையன் வரட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்" என்று தேதியைத் தள்ளிவிட்டாள்.

இப்போது அந்த அடுத்த மாதம் வந்துவிட்டது. நீ வரவில்லை. கேட்டால் பாதாளம் மறுபடியும் அடுத்த மாதம் என்கிறான். உன்னோடு போனில் பேசுகிறானாம். என்னோடு பேசாத நீ, பெற்றவளோடு பேசாத நீ, அவனோடு மட்டும் பேசுகிறாயாம். "அம்மா குரலைக் கேட்டா அழுதுடுவேன்னு சொல்றான்" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறான்.

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் உன் அப்பா போன பிறகு உன் அம்மா தட்டில் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள். இப்போது அவன் எதிரே உட்கார்ந்து, அவன் சொல்லும் உன் கதையைக் கேட்டுக்கொண்டே, அவளும் நாலு வாய் சாப்பிடுகிறாள். அவனைத் தள்ளினால் அந்த நாலு வாயும் போய்விடும். வைத்துக்கொண்டால் அவன் சொல்லும் 'அடுத்த மாதம்' அவள் உயிரைக் கொண்டுபோய்விடும்.

ஆகவே ஒரே ஒரு வரி எழுது. 'அவனை நான்தான் அனுப்பினேன்' என்றோ, 'அவன் எவன்?' என்றோ. பெருமழை, புயல், திமிங்கிலம் எதையும் காரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

உன் கப்பலுக்குக் கீழே தண்ணீரும், உன் தலைக்கு மேலே என் ஆசியும் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காக்கையால் காயம்பட்டும் களம் விட்டு ஓடாத
உன் மாமன்.



மௌனத்தின் மன்னனாகிய மருமகனுக்கு,

உன் பதில் வரும் என்று தபால்காரர் பின்னாலேயே நடந்து அவர் என்னைத் தெருநாய் என்று நினைக்கும் நிலை வந்துவிட்டது. முதல் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. அதனால் இதையும் அதே முகவரிக்கு எழுதுகிறேன்.

உன் அம்மா இரண்டாவது தடவையும் தேதியைத் தள்ளிவிட்டாள். டாக்டரம்மா இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்க அக்காகிட்ட நீங்களாவது பேசுங்க. ரொம்ப நாள் இல்லை" என்றார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவள் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உதட்டில் ஒரு நீலம் தெரிகிறது. கேட்டால், "தைக்கிற துணியில இருந்து ஒட்டின சாயம்டா" என்கிறாள். எந்தத் துணியைத் தைத்தால் உதட்டில் சாயம் ஒட்டும்?

இதைவிட என்னைக் கலக்கிய ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் பின்வாசல் பக்கம் போனேன். படியில் ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். "சிங்காரிக்கு" என்றாள்.

சிங்காரி! நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பெயர் வைத்த தையல் மெஷின். பொட்டு வைத்து, கழுத்தில் ஊசிநூலைச் சுற்றி மாலை போட்டு, பள்ளிக்கூடம் போகும்போது 'போயிட்டு வர்றேன் சிங்காரி' என்று டாட்டா காட்டுவாய். அந்த இரும்புச் சீமாட்டிக்குப் பால்! நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஏன்க்கா, மெஷின் பால் குடிக்குமா?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பாருடா" என்று உள்ளே போய்விட்டாள்.

மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டால் நினைவு தடுமாறும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இரும்புக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதா என் அக்காவுக்கு? தினமும் பால் வைக்கிறாள். ஊரில் இருக்கும் ஒரு சொட்டைக் காதுப் பூனை வந்து அதைக் குடித்துவிட்டு, என்னை வேலைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போகிறது.

கூட்டிலும் நிலைமை சரியில்லை. குயில் குஞ்சு பந்து மாதிரி ஊதிவிட்டது. காக்கையின் சொந்தக் குஞ்சு ஒன்று மெலிந்துகொண்டே வந்தது, நேற்றிலிருந்து அதைக் காணோம். காக்கையோ முதுகுச் சிறகு கலைந்து, வாய் நிறைய எதையாவது அடைத்துக்கொண்டு, பறந்து வருவதும் போவதுமாக இருக்கிறது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நான் நின்றால்கூடக் கொத்த நேரமில்லை அதற்கு. எதிரி இப்படி ஓய்ந்து போனதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கேமரா டீச்சர் இன்னொன்று சொன்னார். வேறு ஒரு வகைக் குயில் உண்டாம். அதன் குஞ்சு தன்னந்தனியாக இருந்தாலும், ஒரு கூடு நிறையக் குஞ்சுகள் பசியில் கத்துவது போலவே கத்துமாம். வளர்க்கிற தாய் அத்தனை பேருக்கும் என்று நினைத்து ஓயாமல் சுமக்குமாம்.

அன்று சாப்பிடும்போது இந்தக் கதையை வேண்டுமென்றே எடுத்தேன். பாதாளம் எதிரே இருந்தான். குயில் எப்படி ஏமாற்றும், குஞ்சு எப்படிப் பொய்க் குரலில் கேட்டு வாங்கித் தின்னும், காக்கை எப்படி மடச்சியாக உழைக்கும் என்று கைகால் ஆட்டி நடித்தே காட்டினேன். பாதாளத்தின் கை முதல்முறையாகத் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. காதுமடல் சிவந்தது. அகப்பட்டான் என்று நினைத்தேன்.

உன் அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "காக்காவுக்குத் தெரியாதுன்னு உனக்கு யாருடா சொன்னது? ஒண்ணு வாயைத் தொறந்துக்கிட்டுக் கத்திக்கிட்டே இருந்தா, யாரோடதுன்னு பார்த்தா போடுவாங்க? நீ கூடத்தான் இத்தனை வருஷமா கத்துறே. நான் போடலையா?"

பாதாளம் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கழுவி வைத்தான். அவன் தட்டைக் கழுவி அன்றுதான் பார்த்தேன்.

அவனிடம் ஏதோ இருக்கிறது. உன்னைப் பற்றிய ஏதோ ஒன்று. அதைக் கறக்காமல் விடமாட்டேன். என்னிடம் ஒரு கோர்ட்டு இருக்கிறது. அதற்கு நாலு சுவர், ஒரே கதவு. அந்தக் கதவும் என் பேச்சைத்தான் கேட்கும்.

அதற்கு முன்னால் உன் ஒரு வரி வந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. நீ சாப்பிடவில்லை என்றால் இங்கே ஒருத்திக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
பூனைக்கும் கீழே பதவி இறக்கப்பட்ட
மாமன்.



மருமகனே,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதை உன் கையில் கொடுத்தவர் லாரி ஓட்டுநர், லிஃப்ட் கம்பி உருளைகளை ஏற்றிக்கொண்டு போக உங்கள் துறைமுகத்துக்கு அடிக்கடி வருகிறவர். நீ படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பார். அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் நீயும் வளர்த்தாமல் படி.

என் முந்தின இரண்டு கடிதங்களையும் இதனோடு வைத்திருக்கிறேன். அவை நேற்றுத் திரும்பி வந்தன. மேலே, 'இப்பெயருடையவர் இப்போது எங்களிடம் பணியில் இல்லை' என்று முத்திரை குத்தியிருந்தது. அதைப் படித்தபோது என் வயிற்றில் ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தது. இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பார்க்கிறேன், என் கையில் ஒன்றுகூட அறுந்ததில்லை. பணியில் இல்லை என்றால் எங்கே இல்லை? பணியில் மட்டும்தான் இல்லையா?

உன் அம்மாவிடம் காட்டவில்லை. கனமான மோட்டார் ஒன்றைத் தூக்க வேண்டும், ஒரு கை கொடு என்று சொல்லிப் பாதாளத்தை எட்டு மாடிக் கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். லிஃப்டுக்குள் ஏறினோம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"மாமா, லிஃப்ட் நின்னுடுச்சு" என்றான்.

நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறேன் என்றேன். முத்திரை குத்திய உறையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். எத்தனையோ கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன், வக்கீல் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று சிக்க வைப்பது மாதிரி. எல்லாம் மறந்துபோய், "என் பிள்ளை உயிரோட இருக்கானாடா?" என்றுதான் வாயில் வந்தது. ஆறாவது மாடியில் ஒரு அம்மாள் கதவைத் தட்டித் தட்டி, "அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கப்பா, எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த மெக்கானிக் உள்ளே நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தது. "இருக்கான் மாமா, நல்லா இருக்கான்" என்றான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

எல்லாம் சொல்லிவிட்டான். நீ கப்பலை விட்டு இறங்கி வெகுநாளாகிவிட்டது. கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வெல்டராக இருக்கிறாய். கயிற்றுக் கிடங்குக்குப் பின்னால் அவனோடு ஒரே அறையில் இருந்தாய். அவனுக்குப் போக வீடில்லை, விடுதியிலேயே வளர்ந்தவன் என்று தெரிந்து, "எங்க வீட்டுக்குப் போ, எங்கம்மா கையால சாப்பிடு, அவங்க எப்படி இருக்காங்கன்னு எனக்குச் சொல்லு. நான் அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லு" என்று அனுப்பியது நீ. அவன் வந்த முதல் வாரமே ஆபரேஷன் சங்கதியைச் சொல்ல உன்னைக் கூப்பிட்டானாம். நீ எடுக்கவில்லை. அப்புறம் போன் எண்ணையே மாற்றிவிட்டாய்.

அப்படியானால் தினமும் வந்து சொன்னாயே, அவன் பேசினான், இதைக் கேட்டான், அதைக் கேட்டான் என்று, அதெல்லாம் என்னடா என்றேன்.

"அம்மா தட்டைப் போட்டுட்டு, 'அவன் பேசினானாப்பா'ன்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா, கையில எடுத்த சோறு அப்படியே தட்டுக்குப் போயிடும் மாமா. அதான் தினமும் எதையாவது சொன்னேன்" என்றான்.

நான் லிஃப்டை இறக்கினேன். ஆறாவது மாடி அம்மாள் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை. நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று முடிவு.

தெருமுனையிலேயே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மெஷின் சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனால், உன் அம்மா மெஷின் பலகையில் நெற்றியைச் சாய்த்துக் கிடந்தாள். பள்ளிக்கூடச் சீருடை ஒன்று பாதித் தையலில் ஊசியோடு நின்றிருந்தது. மூச்சு ரம்பம் அறுப்பது போல வந்தது. நம் தெருவைக் குழாய் போடுவதற்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் முனையைத் தாண்டி வர முடியாது என்றுவிட்டார்கள். நான் செய்வதறியாமல் கத்திக்கொண்டிருந்தேன். பாதாளம் குனிந்து அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, சேற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓடினான். ஒரு வகைக் குயில் குஞ்சுக்கு முதுகில் ஒரு குழி இருக்குமாம். கண் திறக்காத பருவத்திலேயே மற்ற முட்டைகளை அந்தக் குழியில் ஏற்றிக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடுமாம். டீச்சர் சொன்னதுதான். அவன் பின்னால் ஓடும்போது இது நினைவுக்கு வந்து, எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நான் இத்தனை நாள் தப்பான பறவையைத் திட்டியிருக்கிறேன், மருமகனே. கூட்டுக்குள் வாயைத் திறக்கும் குஞ்சு என்ன செய்யும்? கொண்டுவந்து வைத்துவிட்டுப் பறந்ததைத்தானே கேட்க வேண்டும்?

நீ ஏன் பறந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் அப்பா போனபோது நீ நடுக்கடலில் இருந்தாய். கரைக்கு வந்து போன் பண்ணியபோது எல்லாம் முடிந்திருந்தது. "கிளம்பி வர்றேன்மா" என்றாய். "இனிமே எதுக்கு வர்றே?" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அடே, அவள் வயிற்றில் பிறந்தவனுக்கு அவள் பாஷை புரியாமல் போகுமா? "இனிமே இந்த வீட்ல உனக்குச் சோறு கிடையாதுடா" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் எனக்குத் தினமும் சோறு போடுகிறாள். அவள் அகராதியில் 'போ' என்றால் 'உட்கார்'. 'எதுக்கு வர்றே' என்றால் 'ஏன்டா இன்னும் வரலை'. அன்று அந்தப் போனை வைத்துவிட்டு, உனக்கென்று ஒரு தட்டைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்தாள். நீ வரவில்லை. மறுநாளும் துடைத்தாள்.

இப்போது கொஞ்சம் தெளிவாக இருக்கிறாள். மூக்கிலும் வாயிலும் காற்றுக் கவசம். அதைத் தூக்கித் தூக்கிப் பேசுகிறாள், நர்ஸ் வந்து திட்டித் திட்டி மாட்டிவிடுகிறார். நான் எப்படித் தொடங்குவது என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். அவளே தொடங்கினாள்.

"அந்தப் பிள்ளையைத் திட்டாதேடா. எனக்கு முதல்லயே தெரியும்" என்றாள். வந்த நாலாம் நாளே பாதாளம், "சிங்காரிக்குப் பால் வெச்சீங்களான்னு கேட்டான்மா" என்று சொன்னானாம். நீ எப்போதோ வீட்டு ஞாபகத்தில் சிங்காரி சிங்காரி என்று அவனிடம் பேசியிருக்கிறாய். பாதாளம் அதைப் பூனை என்று முடிவு கட்டிவிட்டான்! என் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நடுங்கிக்கொண்டிருந்தேனே, அவள் புத்தி, லிஃப்டைத் தளத்துக்கு நேராக நிறுத்தும் என் லெவல் ஸ்விட்சைவிட நேராகத்தான் இருந்திருக்கிறது.

"என் பையன் பேசியிருந்தா மெஷினுக்கு எண்ணெய் போட்டியான்னு கேட்டிருப்பான். பாலைக் கேப்பானா? அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, அவன் பேசலைன்னு. ஆனா சிங்காரிங்கற பேரு இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எங்கயோ உக்காந்து என்னைப் பத்தி இவன்கிட்ட பேசியிருக்கான்ல? எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இவன் வாய்ல இருந்து வர்றதை நிறுத்திடக் கூடாதேன்னு பாலை வெச்சேன்."

தெரிந்தும் ஏன் தேதியைத் தள்ளினாய் என்று கேட்டேன். அவள் கவசத்தைத் தூக்கிச் சொன்னாள்: "தேதி வெச்சுட்டா, அன்னிக்கு அவன் வரலைன்னு ஆயிடும்டா. தேதி வைக்காத வரைக்கும் வந்துட்டிருக்கான்னு சொல்லிக்கலாம்."

கவசத்தை நானே இழுத்து மாட்டிவிட்டேன்.

தேதி வைத்தாகிவிட்டது. இதை நான் எழுதும் இன்றிலிருந்து நாளை மறுநாள் காலை. நீ படிக்கும்போது அது நாளைக் காலையாகிவிடும். இனிமேல் தள்ள முடியாது, தள்ளினால் தள்ளுவதற்கு ஆள் இருக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிழைப்பது பெரும்பாலும் நிச்சயம் என்றும் சொன்னார். பெரும்பாலும் என்ற வார்த்தையை எந்த மடையன் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கடைசியாக. சாயங்காலம் நர்ஸ், கூட இருக்கப் போவது யார் என்று கேட்டார். பாதாளம் சுவரோரம் ஒதுங்கி நின்றான். சேறு காய்ந்த காலோடு, இத்தனை பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா கையைத் தூக்கினாள். "எனக்கு ரெண்டு பசங்க. ஒருத்தன் இதோ நிக்கிறான். இன்னொருத்தன் வந்துட்டிருக்கான்" என்றாள்.

நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பாதாளம் வராந்தாவுக்குப் போய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் உடனே ஓடிப்போய் இந்த லாரிக்காரரைப் பிடித்தேன்.

மருமகனே, அவள் பொய் சொன்னவளாக ஆபரேஷன் அறைக் கதவுக்குள் போகக் கூடாது. நீ படித்த உடனே லாரி கிளம்பினால் அன்று மாலைக்குள் இங்கே வந்துவிடும். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். குளிக்காதே, துணி எடுக்காதே, என்ன சொல்வது என்று யோசிக்காதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே ஏறு. ஆஸ்பத்திரி வாசல் காவலாளி நேரம் தவறி வருகிறவர்களை உள்ளே விடமாட்டார். அவரிடமும் பேசிவிட்டேன். மூச்சிரைக்க எவன் ஓடி வந்தாலும் தடுக்காதீர்கள், அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லபடியாக வந்து சேர்.

மாமா